வெள்ளை இலையும் பச்சை இலையும்: சோனோரன் பாலைவனத்தின் இரண்டு என்சீலியாக்கள் நீரைச் செலவிடும் விதம்

பாடப்புத்தகங்களில் ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. வறண்ட நிலத்துச் செடியின் இலையில் தூவிகள், அதாவது நுண்ணிய மயிர்கள், அடர்ந்திருக்கும். அவை இலையை ஒட்டி ஈரக்காற்றைப் பிடித்துவைக்கும். அதனால் நீராவிப்போக்கு குறையும் என்பார்கள். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் நிச்சயம். கருவிகளைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய் அளந்தவர்கள் கண்டது வேறு. தூவி நீரை மிச்சப்படுத்துகிறது, அதில் தகராறு இல்லை. ஆனால் ஈரக்காற்றைப் பிடித்துவைப்பதால் கிடைக்கும் மிச்சம் சொற்பம். பெரிய மிச்சம் வெயிலைத் திருப்பி அனுப்புவதில் இருக்கிறது. போதாக்குறைக்கு, அதே பாலைவனத்தில், கூப்பிடு தூரத்தில், அந்த வெள்ளைத் தூவிப் போர்வையே இல்லாத இலைகளோடு நீரைத் தாராளமாகச் செலவழித்துக்கொண்டு அதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றும் நன்றாகவே வாழ்கிறது. இலையின் எந்தப் பண்பையும் வேருக்கு எட்டும் நீரோடு சேர்த்து மட்டுமே மதிப்பிட முடியும் என்பதற்கு இந்த இரண்டு செடிகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதனால்தான் இவற்றை எடுத்துக்கொண்டேன்.

செடியும் இடமும்

முதல் செடி என்சீலியா ஃபாரினோசா. சூரியகாந்திக் குடும்பம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், உருண்டு திரண்ட புதராக வளர்ந்து மஞ்சள் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பிடிக்கும். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் சோனோரன் பாலைவனத்திலும், அதற்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தின் சூடான பகுதிகளிலும், காய்ந்த பாறைச் சரிவுகளில் கூட்டம் கூட்டமாக நிற்கிறது. இதன் தண்டில் ஊறும் பிசினை ஸ்பானிய மதப்பணியாளர்கள் தேவாலயங்களில் சாம்பிராணிபோலப் புகைத்தார்கள். அது இந்த ஆய்வுக்குத் தேவையற்ற செய்திதான் என்றாலும், செடியின் அறிமுகத்தில் விட்டுவிட மனம் வரவில்லை.

கோடை முற்றி வறட்சி நீண்டால் இலைகளை உதிர்த்துவிடும் ரகம் இது. ஆனால் உதிர்ப்பது கடைசி நடவடிக்கை. அதற்கு முன்னால் பல மாதங்கள் இலைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. அந்தச் சமாளிப்பைத்தான் ஜேம்ஸ் எலெரிங்கர், ஒல்லெ பியோர்க்மன், ஹெரால்ட் மூனி ஆகிய தாவர ஆய்வாளர்கள் மூவரும் அளந்து 1976-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது என்சீலியா கலிஃபோர்னிகா. கலிஃபோர்னியாவின் தெற்குக் கடற்கரையில், ஓரளவு ஈரமான சூழலில் வளரும் உறவுச் செடி. அதன் இலையில் தூவி இல்லை. ஒரே பேரினம், ஒரே மாதிரி உடலமைப்பு, இலையின் மேல்பரப்பு மட்டும் வேறு. இயற்கை இப்படி ஒரு சோதனையைத் தயார் செய்து கொடுப்பது அடிக்கடி நடப்பதில்லை.

ஒரே செடியில் இரண்டு நிற இலைகள்

ஃபாரினோசாவில் மழைக்குப் பின் முதலில் விரியும் இலை பெரியது, பச்சை நிறமானது. நாள் செல்லச் செல்ல, மண் காயக் காய, புதிதாக வரும் இலைகள் சிறுத்து வெளுக்கின்றன. கோடையை நெருங்கும்போது வருபவை சாம்பல் பூசியதுபோல் வெள்ளையாக இருக்கும். ஒரே கிளையில் அடியிலிருந்து நுனிவரை பார்த்தால் அந்தப் பருவத்தின் வறட்சி முழுவதும் இலை நிறத்தில் வரிசையாகப் பதிவாகியிருக்கும்.

வெள்ளை நிறம் தூவிகளால் வருகிறது. ஆனால் தூவி முளைத்தவுடன் வெள்ளையாகிவிடுவதில்லை. உயிருள்ள இளம் தூவியின் உள்ளே நீர் நிறைந்திருக்கும். ஒளி பெரும்பாலும் தடையின்றி அதைக் கடந்து இலைக்குள் போய்விடும். தூவி இறந்து, உள்ளீடு வற்றி, காற்று நிறைந்த கூடாக மாறிய பிறகே அது ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகிறது. அதாவது இந்தச் செடி தன் குடையை இறந்த செல்களால் பின்னுகிறது. அந்தக் குடையைப் பராமரிக்க நீரும் வேண்டாம், உணவும் வேண்டாம். அதே காரணத்தால் ஒருமுறை விரித்த குடையை மடக்கவும் முடியாது. வெளுத்த இலை மறுபடி பச்சையாவதில்லை. பச்சை வேண்டுமென்றால் புது இலைதான் விட வேண்டும்.

எலெரிங்கரும் பியோர்க்மனும் 1978-இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த மாற்றத்தின் அளவைச் சொல்கின்றன. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீள ஒளியில், மிகப் பச்சையான இலை 81 விழுக்காட்டை உறிஞ்சுகிறது. மிக வெளுத்த இலை வெறும் 29 விழுக்காட்டை. அகச்சிவப்பு உள்ளிட்ட மொத்த வெயிலையும் கணக்கில் எடுத்தால் உறிஞ்சுதிறன் 46 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடுவரை இறங்குகிறது. இதில் நுணுக்கமான சங்கதி ஒன்று இருக்கிறது. தூவிப் போர்வை எல்லா அலைநீளங்களையும் ஒரே விகிதத்தில் திருப்பவில்லை. ஒளிச்சேர்க்கைக்கு உதவாமல் சூட்டை மட்டும் ஏற்றும் அகச்சிவப்புக் கதிர்களை அதிகமாகத் திருப்புகிறது.

நீர்க்கணக்கு

மேலே சொன்ன விழுக்காடுகள் நீரில் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். நண்பகல் வெயில் நேராக விழும் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்புக்கு வந்து சேரும் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். பச்சை இலை அதில் 460 வாட்டையும் வெள்ளை இலை 160 வாட்டையும் உறிஞ்சும். வித்தியாசம் 300 வாட். இந்த 300 வாட்டை வியர்த்து வெளியேற்ற வேண்டும் என்றால் என்ன செலவாகும்? 40 பாகை செல்சியஸில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். வினாடிக்கு 0.125 கிராம்; மணிக்கு 450 கிராம். தூவிப் போர்வை திருப்பி அனுப்பும் வெயிலின் விலை, சதுர மீட்டருக்கு மணிக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் நீர்.

இது உச்ச வரம்பு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிஜ இலை சூட்டின் ஒரு பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடும், இன்னொரு பகுதியை வெப்பக் கதிராக வெளிவிடும், வெயிலும் எப்போதும் நேராக விழாது. ஆனாலும் ஆண்டு மழை 60 மில்லிமீட்டரைக்கூட எட்டாத, கலிஃபோர்னியாவின் டெத் வேலி போன்ற இடத்தில் இந்த வரம்பில் ஒரு சிறு பங்கு மிச்சமானாலும் செடிக்குப் பெரிது.

இரண்டாவது மிச்சம் இதிலிருந்தே பிறக்கிறது. இலைக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய ஈரம் ததும்பும் நிலையில்தான் எப்போதும் இருக்கும். வெப்பம் ஏற ஏற அந்த ஈரத்தின் அழுத்தம் மளமளவென்று உயரும். காற்றின் வெப்பநிலை 40 பாகை, ஈரப்பதம் 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் நீராவி அழுத்தம் சுமார் 1.1 கிலோபாஸ்கல். இலை 45 பாகையில் இருந்தால் உள்ளே 9.6, வெளியே இழுக்கும் வித்தியாசம் 8.5. அதே இலை 38 பாகையில் இருந்தால் உள்ளே 6.6, வித்தியாசம் 5.5. இலைத்துளைகள் கொஞ்சமும் மூடாமல், ஏழு பாகை குளிர்ந்ததாலேயே நீரிழப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. துளையை மூடியிருந்தாலும் நீர் மிச்சப்பட்டிருக்கும், ஆனால் கரியமில வாயுவின் வரத்தும் நின்றிருக்கும். இங்கே கதவு திறந்தே இருக்கிறது, கசிவு மட்டும் குறைகிறது. பாலைவனச் செடி ஒன்றுக்கு இதைவிட லாபமான பேரம் இல்லை.

மூன்றாவது லாபம் நேரடியாக நீர் சம்பந்தப்பட்டது அல்ல, ஆனால் நீரின் பயனைக் கூட்டுவது. இந்தப் புதரின் ஒளிச்சேர்க்கை மிக நன்றாக நடப்பது பாலைவனக் கோடையின் காற்று வெப்பநிலைக்கு வெகு கீழே, 30 பாகைக்கு அருகில். கோடை வந்ததும் அந்த உகந்த நிலையை மேலே நகர்த்திக்கொள்ளும் திறமை இதற்கு இல்லை. சூடு ஒத்துக்கொள்ளாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு சூட்டில் வாழ வேண்டும். எனவே இயந்திரத்தை மாற்றாமல் கூரையை மாற்றுகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை

ஒளியைத் திருப்பி அனுப்பினால் ஒளிச்சேர்க்கைக்கும் ஒளி குறையும். பொதுவாக இதைக் கேட்டதும் 'பாலைவனத்தில்தான் வெயில் கொட்டிக் கிடக்கிறதே, கொஞ்சம் போனால் என்ன' என்று தோன்றும். என்சீலியா ஃபாரினோசாவுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இதன் ஒளிச்சேர்க்கைத் திறன் மிக அதிகம். முழு நண்பகல் வெயிலில்கூட இன்னும் ஒளி கிடைத்தால் இன்னும் உணவு செய்யக்கூடிய இலை இது. ஆகவே திருப்பி அனுப்பும் ஒவ்வொரு துளி ஒளியும் இழப்புதான். வெளுத்த இலையின் ஒளிச்சேர்க்கை வேகம் கணிசமாக விழுவதை 1976-ஆம் ஆண்டுக் கட்டுரையே காட்டிவிட்டது.

உறிஞ்சிய ஒளியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தூவியுள்ள இலைக்கும் தூவியற்ற கடற்கரை இலைக்கும் செயல்திறனில் வித்தியாசம் இல்லை என்பது இங்கே மிக முக்கியமான சான்று. தூவி இலையின் உள்வேலையைத் தொடவில்லை; கரியமில வாயு உள்ளே போகும் வழியையும் குறிப்பிடும்படி அடைக்கவில்லை. கரியமில வாயுவை அடைக்காத போர்வை நீராவியை மட்டும் எப்படி அடைக்கும்? இரண்டும் ஒரே வழியாகத்தான் போய்வருகின்றன. ஈரக்காற்றைப் பிடித்துவைக்கும் கதை இந்தச் செடியில் ஆட்டம் காண்பது இந்த இடத்தில்தான். இலையை ஒட்டிய அசையாக் காற்றடுக்கைத் தூவிகள் சற்றே தடிப்பாக்குகின்றன, மறுக்கவில்லை. ஆனால் வறண்ட மண்ணில் நிற்கும் செடியில் நீராவிக்கு முக்கியத் தடை பாதி மூடிய இலைத்துளைதான். அதன் பக்கத்தில் அந்தக் காற்றடுக்கின் தடை சிறியது.

பாடப்புத்தகங்களின் இன்னொரு செல்லப்பிள்ளையான பள்ளத்தில் பதிந்த இலைத்துளைக்கும் இதே கதிதான். ஆஸ்திரேலியாவின் பேங்க்சியா செடிகளின் துளைப் பள்ளங்களைக் கணினி மாதிரியில் வைத்து 2009-இல் ஆராய்ந்தபோது, பள்ளத்தால் நீராவிப்போக்கு குறையும் அளவு 15 விழுக்காட்டுக்கும் கீழே என்றே வந்தது. பள்ளங்களுக்கு வேறு வேலை இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் 'நீர் சேமிப்பு' என்று சீட்டு ஒட்டிவிடுவதில்தான் கோளாறு.

விலை தெரிந்துவிட்டால் செடியின் பருவகால நடத்தையும் புரிந்துவிடும். மழை பெய்த குளிர்ந்த மாதங்களில் வெளுத்த இலை வீண் நஷ்டம். அப்போது பச்சை இலை விட்டு வேகமாகச் சம்பாதிக்கிறது. மண் காய்ந்து காற்று கொதிக்கும்போது, நீர் இல்லாத பச்சை இலை சில நாள்கூடத் தாங்காது. அப்போது குறைந்த வருமானத்தோடு அதிக நாள் ஓட்டுவதே மேல் என்று வெளுத்த இலைக்கு மாறுகிறது. அதுவும் கட்டுப்படியாகாதபோது உதிர்த்துவிடுகிறது.

ஓடைப் படுகையில் இன்னொரு வழி

இனி இரண்டாவது செடி, என்சீலியா ஃப்ரூடெசென்ஸ். பரவல் வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. தரையில் பார்த்தால் கலப்பதில்லை. ஃபாரினோசா சரிவில் நிற்கிறது. ஃப்ரூடெசென்ஸ் சரிவின் காலடியில், மழை நாளில் மட்டும் வெள்ளம் ஓடி மற்ற நாளெல்லாம் மணலாகக் கிடக்கும் ஓடைப் படுகையில் நிற்கிறது. அதன் இலை பச்சை. வெயிலைத் திருப்பும் போர்வை இல்லை.

இந்த வெயிலில் அந்த இலை வெந்துபோக வேண்டும். போகவில்லை. காரணம், அதன் இலைத்துளைகள் கோடையிலும் அகலத் திறந்திருக்கின்றன. எலெரிங்கர் 1988-இல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியதன் சாரம் இதுதான்: வெப்பமும் வறட்சியும் உச்சத்தில் இருக்கும்போது ஃபாரினோசா ஒளியைத் திருப்பி இலையைக் குளிர்விக்கிறது, ஃப்ரூடெசென்ஸ் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. இரண்டுக்கும் தேவை ஒன்றே, செலுத்தும் நாணயம் வேறு. சரிவுச் செடி ஒளியில் செலுத்துகிறது, ஓடைச் செடி நீரில் செலுத்துகிறது. மணலுக்கு அடியில் ஈரம் தங்கும் படுகையில் மட்டுமே நீர் நாணயம் செல்லுபடியாகும். அதனால்தான் ஃப்ரூடெசென்ஸ் சரிவேறி வருவதில்லை.

களத்துக்குப் போகாமல் உலர்த்திய இலை மாதிரிகளை மட்டும் மேசையில் பரப்பி வைத்து ஒருவர் முடிவு சொல்ல நேர்ந்தால், பாலைவனச் செடி எது என்ற கேள்விக்கு ஃபாரினோசாவைக் காட்டிவிட்டு, ஃப்ரூடெசென்ஸை ஈரநிலச் செடி என்று ஒதுக்கியிருப்பார். இலைப் பண்புகளைப் பட்டியலிட்டு, 'வறட்சி தாங்கும் தன்மை'க்கு மதிப்பெண் போடும் வழக்கம் ஆராய்ச்சியிலும் செடித் தேர்விலும் பரவிவிட்டது. அந்த மதிப்பெண்ணில் வேர் எங்கே போகிறது என்ற கேள்விக்குக் கட்டமே இருப்பதில்லை.

இலை அளவும் இப்படித்தான். சிறிய இலையை ஒட்டிய காற்றடுக்கு மெல்லியது. சூடு எளிதில் காற்றுக்குப் போய்விடும். அதனால் நீர் செலவிடாமலே இலை காற்றின் வெப்பநிலைக்கு அருகில் நிற்கும். வறண்ட நிலத்தில் சிறிய இலைகள் அதிகம் என்பது பொது விதியாகச் சரி. ஆனால் பாலைவனத்திலும் நீர் எட்டும் இடங்களில் அகன்ற இலைச் செடிகள் உண்டு, அவற்றின் இலைகள் நீரை ஆவியாக்கிக் காற்றைவிடக் குளிர்ந்து நிற்பதும் அளக்கப்பட்டிருக்கிறது.

பரம்பரையா, சூழலா

வெளுப்பது வறட்சிக்கு இலை காட்டும் உடனடி எதிர்வினை மட்டும்தானா? ஃபாரினோசாவிலேயே வெவ்வேறு மழையளவுள்ள இடங்களிலிருந்து எடுத்த செடிகளை ஒரே தோட்டத்தில், ஒரே நீரில் வளர்த்து டேரன் சாண்ட்குவிஸ்டும் எலெரிங்கரும் 1990-களில் சோதித்தார்கள். மழை அதிகமான பகுதியிலிருந்து வந்தவை அங்கேயும் பசுமை கூடியதாகவும், வறண்ட பகுதியிலிருந்து வந்தவை தூவி கூடியதாகவும் இருந்தன. இலையுதிர்க்கும் காலமும் ஊருக்கு ஊர் மாறியது. எவ்வளவு வெளுக்கலாம் என்ற வரம்பைப் பரம்பரை வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இந்த ஆண்டு எங்கே நிற்பது என்பதை மண் ஈரமும் வெப்பமும் முடிவு செய்கின்றன.

கூட்டத்துக்குள்ளும் எல்லாச் செடியும் ஒன்றல்ல. இதை அளக்க உதவியது கார்பன் ஐசோடோப் முறை. காற்றின் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலே கனமான கார்பன்-13 இருக்கிறது. ஒளிச்சேர்க்கை நொதி அதை ஒதுக்கி, இலேசான கார்பன்-12-ஐயே விரும்பி எடுக்கும். துளை நன்றாகத் திறந்திருந்தால் வாயு தாராளமாக வரும், நொதி பொறுக்கி எடுக்கலாம். துளை ஒடுங்கியிருந்தால் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்ற வேண்டும். கனமான கார்பனும் இலையில் சேரும். ஆகவே காய்ந்த இலைத் துணுக்கு ஒன்றைப் பொடித்து அளந்தாலே, அந்த இலை தன் வாழ்நாளில் நீரைச் சிக்கனமாகச் செலவழித்ததா, ஊதாரித்தனமாகச் செலவழித்ததா என்று தெரிந்துவிடும். இந்த உறவைக் கிரகாம் ஃபார்குவாரும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் சமன்பாடாக்கினார்கள்.

அரிசோனாவின் ஓட்மேன் அருகிலும் கலிஃபோர்னியாவின் டெத் வேலியிலும் தனித்தனிப் புதர்களை அடையாளமிட்டு, ஆண்டுதோறும் இலை எடுத்து எலெரிங்கர் குழு இதை அளந்து வந்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஃபாரினோசாவில் ஒன்று சிக்கனமாகவும் மற்றது தாராளமாகவும் இருந்தது. அந்த வரிசை எளிதில் மாறவில்லை. 1993-இல் வெளியான முடிவுகளின்படி, சுற்றியுள்ள போட்டிச் செடிகளை அகற்றி நீர் பெருகக் கிடைத்தபோது தாராளச் செடிகள் வேகமாக வளர்ந்தன. நீண்ட வறட்சியில் சிக்கனச் செடிகள் அதிகம் தப்பின. இரண்டு ரகமும் கூட்டத்தில் நீடிப்பதற்கு இதுவே போதுமான காரணம். எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று விதைக்குத் தெரியாது.

இந்தப் பதிவுகள் 39 ஆண்டுகள் நீண்டன. அவற்றைத் தொகுத்து 2020-இல் வெளியான ஆய்வு, ஒரே அளவு துளைத் திறப்புக்குச் செடி ஈட்டும் கார்பனைக் குறிக்கும் உள்ளார்ந்த நீர்ப் பயன்பாட்டுத் திறன் இந்தக் காலத்தில் 53 முதல் 58 விழுக்காடு உயர்ந்திருப்பதைக் காட்டியது. காடுகளில் அளக்கப்பட்ட உயர்வு 20 முதல் 30 விழுக்காடுதான். காற்றில் கரியமில வாயு கூடியதும் வறட்சியின் நெருக்கடி கூடியதும் சேர்ந்து செய்த வேலை இது. தாராளச் செடிகள் செத்துச் சிக்கனச் செடிகள் மிஞ்சியதால் சராசரி ஏறியதோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் தொடக்கம் முதல் இறுதிவரை உயிரோடிருந்த தனிச் செடிகளிலும் ஏறக்குறைய அதே உயர்வு இருந்தது. செடிகளே மாறியிருக்கின்றன. 'திறன் உயர்ந்தது' என்ற சொற்றொடர் காதுக்கு இனிமையாக இருப்பதால் இதை நற்செய்தியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. துளையை ஒடுக்கிக்கொண்டு வாழும் செடியின் விகிதம் அழகாக இருக்கும். அதன் மொத்த வருமானம் அப்படி இருக்க வேண்டியதில்லை.

வயலில் இதே கேள்வி

ஐசோடோப் முறை பாலைவனத்தோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் கோதுமை வளர்ப்பாளர்கள் அதே அளவீட்டைத் தேர்வுக் கருவியாக்கி, நீரைச் சிக்கனமாகச் செலவிடும் வகைகளைப் பொறுக்கினார்கள். அப்படி உருவான 'டிரைஸ்டேல்' 2002-இல் வெளிவந்தது. அங்கே பயிர் பெரும்பாலும் மண்ணில் முன்பே சேர்ந்த ஈரத்தை நம்பி வளரும். தொடக்கத்தில் மிச்சப்படுத்தியது கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் கைகொடுக்கும். அந்த வகைத் தேர்வுக்கான சோதனைகளில் விளைச்சல் ஆதாயம் 2 முதல் 15 விழுக்காடுவரை இருந்தது. ஹெக்டேருக்கு ஒரு டன் விளையும் காய்ந்த வயலில் ஆதாயம் அதிகம்; ஐந்து டன் விளையும் வயலில் அது 2 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. பயிர்க்காலத்திலேயே மழை பெய்து, வேரடியில் சேமிப்பே தங்காத நிலத்தில் நிலைமை தலைகீழாகலாம். இலை செலவழிக்காமல் விட்ட நீர் வெறும் மண்ணிலிருந்து ஆவியாகிப் போய்விடும். அங்கே வேகமாக இலை விரித்து மண்ணை மூடும் ஊதாரிப் பயிருக்குத்தான் விளைச்சல்.